ஏணி பிடிப்பவன் சொன்னது

எங்கள் ஹேலெத் பள்ளத்தாக்கில்
வீட்டுக்கு ஒரு கற்கோபுரம்.
பகைவர் வந்தால் ஏறுவோம்,
ஏறியதும் ஏணியை இழுத்துக்கொள்வோம்.
பகை போனால் இறங்கிவிடுவோம்.
எங்கள் அரசர் ஜான்சுக் மட்டும் இறங்கவில்லை.

காக்கசஸ் மலையில் பனி சரிவது புதிதல்ல.
அந்த வருஷம் அது சரிந்தது
ஒரு கல்யாண மணியோசைக்கு.
கெகி குடித்திருந்தான்,
கொஞ்சம் கூடுதலாகவே அடித்தான்.
ஆட்டுக்குட்டியைத் தேடி மேட்டுக்குப் போயிருந்த
பேக்காவுக்கு ஏழு வயது,
அரசருக்கு ஒரே மகன்.
பதினோரு நாள் தோண்டினோம்.
கிடைத்தது ஒற்றைக் காலுறை.
பழுப்புக் கம்பளி,
குதிகாலில் சிவப்பு நூலால் ஒட்டு.

முதல் ஆணை:
மணியின் நாக்கைக் கழற்றி மேலே அனுப்புங்கள்.
இரண்டாவது:
கெகி பத்து வருஷம் பேசக்கூடாது.

காவலுக்கென்று யாரும் நிற்கவில்லை.
ஆனாலும் கெகி பேசவில்லை.
மனைவி பிரசவ வலியில் அவன் பேரைக் கூவியபோதும்
வாசலில் நின்று
வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

வழக்கென்றால் கோபுரத்தடியில் நின்று கத்த வேண்டும்.
நாலாம் நிலைத் துளையிலிருந்து கூடை இறங்கும்.
உள்ளே அக்ரூட் கொட்டை இருந்தால் ஆகட்டும்,
கூழாங்கல் இருந்தால் ஆகாது.
எல்லைத் தகராறோ மாட்டுத் திருட்டோ
இந்த இரண்டே சொல்தான்.
நியாயம் தவறியதில்லை என்று சொல்லமாட்டேன்.
ஒருமுறை மழை இரைச்சலில் சரியாகக் கேட்காமல்
திருடனுக்கே மாட்டைக் கொடுத்துவிட்டார்.
அவனே வெட்கப்பட்டு
ராத்திரியில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனான்.
வரி கேட்கவும் மறந்துபோனார்.
அதைக் கருணை என்றார்கள் சிலர்.

என் வேலை ஏணி.
வாரம் ஒருநாள் அது இறங்கும்,
விறகும் பாலாடைக்கட்டியும் சுமந்து ஏறுவேன்.
மேலே சுவரில் கரிக்கோடுகள்.
நாள் எண்ணுகிறார் என்றே நினைத்திருந்தேன்.
ஒருநாள் விளக்கு அந்தப் பக்கம் இருந்தது.
ஒன்றின்மேல் ஒன்றாக,
என் இடுப்பிலிருந்து கிளம்பி
விலா, மார்பு என்று
வருஷத்துக்கு ஒன்றாய் ஏறிக்கொண்டிருந்தன.

"என் தோளுக்கு வந்துவிட்டான், பிமுர்ஸா" என்றார்.
அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்வது?

ஒன்பதாம் வருஷம்,
பனி இளகும் மாசத்தில், மூடுபனி.
கை நீட்டினால் கை தெரியாது.
லாலியைக் காணோம், ஐந்து வயதுப் பெண்.
அவள் தாய் கோபுரத்தடியில் நின்று கத்தினாள்,
மணி அடிக்க விடுங்கள் என்று.
தொண்டை கிழியும்வரை கத்தினாள்.

கூடை இறங்கியது.
கொட்டையும் இல்லை, கல்லும் இல்லை.
காலுறையில் சுற்றிய மணிநாக்கு.

கெகிதான் கட்டினான்,
அந்த முடிச்சு அவன் கைக்குத்தான் தெரியும்.
மெதுவாக அடித்தான்.
ஒவ்வோர் அடிக்கும் நாங்கள்
கண்ணுக்குத் தெரியாத மலையை அண்ணாந்து பார்த்தோம்.
மேலே அவர் காதைப் பொத்தினாரோ,
கேட்டுக்கொண்டிருந்தாரோ.
ஏணி இறங்கவில்லை.

மூன்றாம் சாமத்தில் லாலி வந்தாள்,
ஏதோ ஒரு நாயின் வாலைப் பிடித்துக்கொண்டு.
பசிக்கிறது என்றாள்.

விடிந்தபோது கூடை தொங்கியது,
ஆள் உயரத்தில், காலியாக.
ஊர் கூடிவிட்டது.
கொடுக்காதே என்றார்கள்,
மணி ஊருடையது என்றார்கள்,
செத்தவனுக்கு எதற்கு என்று ஒரு குரல்.
துளையிலிருந்து பதிலில்லை.
கூடை காற்றில் லேசாகத் திரும்பியது.

கெகி ஏறினான், கழற்றினான்.
எண்ணெய் விட்டுத் துடைத்தான்.
சிவப்பு ஒட்டு வெளியே தெரிகிற மாதிரி
காலுறைக்குள் நுழைத்து
கூடையில் வைத்தான்.

கயிறு விறைத்தது.
போகிற வழியில் சுவரில் ஒருமுறை இடித்தது.
கம்பளிக்குள் இருந்ததால்
சத்தம் வரவில்லை.